தகவல் வந்தது, முடிவு வரவில்லை!

கோவையில் கிடைத்த துப்பு கொழும்புக்குப் போனது. பிறகு கொல்லங்கோட்டுக்கும் வந்தது. நாட்டின் பாதுகாப்பைப் பற்றிய முடிவுகள் எப்படிப் பிறக்கின்றன, எங்கே தவறிப் போகின்றன?

பாலக்காட்டு மார்க்கமாகக் கோவைக்கும் கேரளத்துக்கும் போய் வருகிற தமிழர்களுக்கு வாளையாறு எல்லை புதிதல்ல. பல நாட்களில் பஸ்கள் நிற்காமலே கடந்து போகும். சில நாட்களில் மட்டும் போலீசார் வழிமறித்து, பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அடையாள அட்டை கேட்பார்கள். எங்கே வேலை, யார் மேஸ்திரி, எத்தனை நாளாக வேலை என்று விசாரிப்பார்கள். இடுக்கி மாவட்டத்திலும் இதே கதைதான். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போகிற தொழிலாளர்கள் ஏதாவது ஒரு நாள் வழியில் இறக்கி விசாரிக்கப்படுகிறார்கள். அன்றைக்கு வேலைக்குப் போய்ச் சேரத் தாமதமானால் அரை நாள் கூலி போய்விடும்.

அந்த ஒரு நாள் மட்டும் ஏன் இப்படி? எங்கோ ஓர் அலுவலகத்தில், யாரோ ஓர் அதிகாரியின் மேஜைக்கு ஒரு தகவல் வந்திருக்கும். அது உண்மையா பொய்யா என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் அதன் பேரில் ஏதாவது செய்தாக வேண்டும். அல்லது ஒன்றும் செய்யாமல் இருக்கவும் துணிய வேண்டும். உளவுத் துறை என்றால் மாறுவேடமும் துப்பாக்கியும் என்று சினிமா கற்றுக் கொடுத்திருக்கிறது. உண்மையில் அதன் பெரும்பகுதி காகிதத்தில் நடக்கும் வேலை. அரைகுறையாகத் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு முழுப் பொறுப்போடு முடிவு எடுப்பதே அதில் கடினமான கட்டம்.

இதை விளக்க டில்லிக்கோ வாஷிங்டனுக்கோ போக வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கமும் நடந்த சம்பவங்களே போதும்.

கோவையில் கிடைத்த நுனி

2018-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் கோவையில் சில இளைஞர்களைப் போலீசார் கைது செய்தார்கள். இந்து இயக்கத் தலைவர்கள் சிலரைக் கொல்லச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பின்னர் இந்த வழக்கு தேசியப் புலனாய்வு முகமை எனப்படும் என்.ஐ.ஏ.யிடம் ஒப்படைக்கப்பட்டது. கைப்பற்றப்பட்ட பொருட்களை ஆராய்ந்தபோது, தமிழில் ஆவேசமாகப் பேசும் ஒருவருடைய வீடியோப் பதிவுகள் கிடைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. பேசியவர் கோவைக்காரரும் அல்ல, பாலக்காட்டுக்காரரும் அல்ல. இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாஷிம் என்பவர் அவர்.

அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு போன இந்திய உளவுத் துறைக்கு, இலங்கையில் ஏதோ பெரிதாக நடக்கப் போகிறது என்பது புலப்பட்டது. 2019-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி இந்தியா இலங்கைக்கு எச்சரிக்கை அனுப்பியது. சஹ்ரானும் கூட்டாளிகளும் தற்கொலைத் தாக்குதலுக்குத் திட்டமிடுகிறார்கள். கத்தோலிக்க தேவாலயங்களும் கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகமும் இலக்காகலாம் என்பது அதன் சாரம்.

உளவுத் துறை வரலாற்றில் இவ்வளவு தெளிவான எச்சரிக்கை அபூர்வம். பெயர் இருந்தது, முறை இருந்தது, இடத்தின் வகையும் இருந்தது. எந்த நாள், எந்த ஆலயம் என்பவைதான் இல்லை. பதினேழு நாள் அவகாசமும் இருந்தது.

ஒரு தபால் போன வழி

ஆபீஸ் நடைமுறை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் நடந்தது எளிதில் விளங்கும். எச்சரிக்கை இலங்கை அரசு உளவுச் சேவையின் தலைவர் நிலந்த ஜயவர்தனவுக்கு வந்தது. அங்கிருந்து தேசிய உளவுத் துறைத் தலைவர் சிசிர மெண்டிசுக்குப் போனது. ஏப்ரல் 9-ந் தேதி அவர் போலீஸ் தலைவர் பூஜித ஜயசுந்தரவுக்கு எழுதினார். ஏப்ரல் 11-ந் தேதி ஓர் உயர் போலீஸ் அதிகாரி அதைச் சுற்றறிக்கையாக்கினார். யாருக்கு? முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிவுகளுக்கு!

இலக்காகலாம் என்று குறிப்பிடப்பட்டிருந்த தேவாலயங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஈஸ்டர் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆண்டிலேயே அதிகமான கூட்டம் தேவாலயத்தில் கூடுகிற நாள் அது என்பதை அறிய எந்த ஒற்றரும் தேவையில்லை, காலண்டரே போதும்.

ஏப்ரல் 16-ந் தேதி காத்தான்குடிக்கு அருகே ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்துச் சிதறியது. அது ஒத்திகை என்பது பின்னால் தெரிய வந்தது. 20-ந் தேதி இந்தியாவிடமிருந்து மீண்டும் அவசரத் தகவல் வந்தது. மறுநாள் காலையிலும் வந்தது.

21-ந் தேதி ஞாயிறு காலை எட்டே முக்கால் மணி முதல் குண்டுகள் வெடித்தன. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று நட்சத்திர ஹோட்டல்கள் ஆகியவை தாக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பில் இறந்தவர்கள் தமிழர்கள். அவர்களில் குழந்தைகள் பலர். அங்கே வந்த கொலையாளி முதலில் வேறோர் ஆலயத்துக்குப் போனதாகவும், அங்கே பூசை முடிந்துவிட்டதால் சீயோனுக்கு வந்ததாகவும் விசாரணையில் தெரிந்தது.

அன்று மாலைக்குள் இன்னொன்றும் வெளியாயிற்று. அப்போது அமைச்சராக இருந்த ஹரின் பெர்னாண்டோ, தம் தகப்பனாருக்கு இப்படி ஓர் ஆபத்து பற்றி முன்பே காதில் விழுந்ததாகவும், பெரிய ஆலயங்களுக்குப் போக வேண்டாம் என்று அவர் தம்மை எச்சரித்ததாகவும் தெரிவித்தார். அதிகார வட்டாரத்தில் பேச்சாக உலவிய தகவல், ஆலயத்தில் முழந்தாளிட்டிருந்த மக்களுக்கு மட்டும் எட்டவில்லை.

யாருடைய கோப்பு?

ஏன் இப்படி ஆயிற்று? துரோகம், சதி என்று பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். நிரூபணமான காரணங்கள் அதைவிடச் சாதாரணமானவை. அதனாலேயே அதிக அச்சம் தருபவை. 2018 அக்டோபரில் ஜனாதிபதி மைத்ரிபால சிறிசேனவுக்கும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இடையே மூண்ட அரசியல் சண்டைக்குப் பிறகு, நாட்டின் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படவில்லை. எச்சரிக்கை தமக்குச் சொல்லப்படவே இல்லை என்று ஜனாதிபதி பிறகு கூறினார். குண்டு வெடித்தபோது அவர் வெளிநாட்டில் இருந்தார்.

ஒவ்வோர் அதிகாரியும் கடிதத்தை அடுத்தவருக்கு அனுப்பியதோடு தம் கடமை தீர்ந்தது என்று எண்ணினார். "தகவலுக்கும் உரிய நடவடிக்கைக்கும்" என்று எழுதிக் கையெழுத்திட்ட கோப்பு எத்தனை மேஜை தாண்டினாலும், இதைச் செய்யுங்கள் என்ற உத்தரவு அதில் இல்லையானால் அது வெறும் காகிதந்தான்.

2023-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி இலங்கை உச்ச நீதிமன்றம் இந்தக் கடமைத் தவறுதலுக்கு ஒரு விலை வைத்தது. முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து நஷ்டஈடு கொடுக்க வேண்டும். பூஜித ஜயசுந்தரவும் நிலந்த ஜயவர்தனவும் தலைக்கு ஏழரைக் கோடி, பாதுகாப்புத் துறைச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, சிசிர மெண்டிஸ் 1 கோடி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. எச்சரிக்கை வந்த பிறகும் சும்மா இருந்ததற்காக நாட்டின் தலைவராக இருந்தவரே கையிலிருந்து பணம் கட்ட வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் சொன்னது உலகிலேயே அபூர்வமான சம்பவம் எனலாம்.

இதில் மறக்கக் கூடாத இன்னொன்று உண்டு. சஹ்ரானைப் பற்றி முதலில் புகார் சொன்னவர்கள் காத்தான்குடி முஸ்லிம் மக்களே. இந்தியத் தகவலுக்கு வெகு காலம் முன்பே ஊர்ப் பெரியவர்கள் அதிகாரிகளிடம் முறையிட்டிருக்கிறார்கள். குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஏப்ரல் 26-ந் தேதி, சாய்ந்தமருதில் பதுங்கியிருந்த மீதிக் கும்பலைக் காட்டிக் கொடுத்தவர்களும் அந்த ஊர் முஸ்லிம்களே. ஒரு சமூகத்தையே சந்தேகப்படுகிற போலீஸ், அந்தச் சமூகத்திலிருந்து வரக்கூடிய மிகச் சிறந்த தகவலை இழந்துவிடும்.

கொல்லங்கோட்டுக்கு வந்த விசாரணை

கொழும்புச் சம்பவத்துக்கு ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 28-ந் தேதி, என்.ஐ.ஏ. அதிகாரிகள் காசர்கோட்டிலும் பாலக்காட்டிலும் சில வீடுகளைச் சோதனையிட்டார்கள். கொல்லங்கோடு பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞர் மறுநாள் கைது செய்யப்பட்டார். சஹ்ரானின் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்டு, கேரளத்தில் அதே மாதிரித் தாக்குதல் நடத்த நினைத்தார் என்பது வழக்கு. கொழும்புக் குண்டுவெடிப்பில் அவருக்கு நேரடிப் பங்கு இருந்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. 2024 பிப்ரவரியில் கொச்சி தனி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று கண்டு 10 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது.

கோவையில் தொடங்கிய ஒரே நூல் கொழும்பைச் சுற்றிப் பாலக்காட்டுக்கே வந்து சேர்ந்தது. தகவல் ஒன்றுதான். ஓரிடத்தில் அது முடிவாக மாறியது; மற்றோரிடத்தில் மாறவில்லை.

தேதி தவறு, எச்சரிக்கை சரி

எச்சரிக்கை முழுமையாக இருந்தால்தான் நடவடிக்கை என்று காத்திருந்தால் எந்த நாடும் பிழைக்காது. 1971-ம் ஆண்டு யுத்தத்தில் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல உதாரணம். 'ரா' உளவு அமைப்பில் பல ஆண்டு பணியாற்றி, ஓய்வு பெற்றபின் சென்னையில் வாழ்ந்த தமிழரான பி. ராமன் தம் நூலில் இதை விவரித்திருக்கிறார்.

பாகிஸ்தான் ஜனாதிபதி யாஹ்யாகானின் அலுவலகத்திலேயே இந்திய உளவாளி ஒருவர் இருந்தார். டிசம்பர் 1-ந் தேதி மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்கும் என்று அவரிடமிருந்து தகவல் வந்தது. விமானப் படை உஷாரானது. 1-ந் தேதி ஒன்றும் நடக்கவில்லை. 2-ந் தேதியும் நடக்கவில்லை. விமானிகளை இப்படியே எத்தனை நாள் உட்கார வைப்பது என்று விமானப் படைத் தலைமை கேட்டது; நியாயமான கேள்விதான். 'ரா' தலைவர் ஆர்.என். காவ், இன்னும் 24 மணி நேரம் மட்டும் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

டிசம்பர் 3-ந் தேதி மாலை பாகிஸ்தான் விமானங்கள் வந்தன. இந்தியா தயாராக இருந்ததால் பெரிய சேதம் இல்லை. சங்கேத மொழியைப் பிரித்தெழுதியபோது தேதியில் பிழை நேர்ந்திருக்கிறது என்பது அப்புறம் தெரிந்தது.

காவ் தகவலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை; முதல் நாள் பொய்த்ததும் தூக்கி எறியவும் இல்லை. தகவல் தந்தவர் யார், இதற்கு முன் அவர் சொன்னவை எப்படி இருந்தன என்பதை எடை போட்டு, ஒரு நாள் அவகாசம் கேட்டார். தகவல் தவறானால் விமானிகளுக்கு ஒரு நாள் தூக்கம் கெடும். சரியானால் விமானப் படையே தப்பும். இந்தக் கணக்கைப் போடத் தெரிவதே உளவுத் துறையின் ஆதாரப் பாடம்.

இந்தப் பாடம் தமிழுக்குப் புதிதல்ல. வள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால் நம்பலாம் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்.

புலி வருது, புலி வருது!

சரிபார்க்க நேரம் இல்லாதபோது என்ன செய்வது? கொழும்புச் சம்பவம் நடந்து ஐந்தாம் நாள், 2019 ஏப்ரல் 26-ந் தேதி, பெங்களூர் போலீசாருக்கு ஒரு டெலிபோன் வந்தது. தமிழகம், கேரளம் உள்பட தென் மாநிலங்களில் ரயில்களில் குண்டு வைக்கத் தீவிரவாதிகள் கிளம்பியிருக்கிறார்கள், ராமநாதபுரத்தில் கூடியிருக்கிறார்கள் என்று பேசியவர் சொன்னார். கர்நாடக போலீஸ் தலைமை மற்ற மாநிலங்களுக்கு உடனே எழுதியது. ரயில்களிலும் ஸ்டேஷன்களிலும் சோதனை நடந்தது. மறுநாளே உண்மை வெளியாயிற்று. பேசியவர் ஒரு லாரி டிரைவர். சொன்னது முழுப் பொய். அவர் கைது செய்யப்பட்டார்.

அதே ஆண்டு ஆகஸ்டில், இலங்கை வழியாக ஆறு பயங்கரவாதிகள் தமிழகத்தில் நுழைந்து கோவைப் பக்கம் வந்திருக்கிறார்கள் என்று எச்சரிக்கை வந்தது. கோவை முழுவதும் போலீஸ் மயம். கோயில், மார்க்கெட், பஸ் நிலையம் எல்லாவற்றிலும் சோதனை. விரும்பத்தகாத சம்பவம் எதுவும் நடக்கவில்லை.

இவற்றை வீண் என்று சொல்ல முடியுமா? கொழும்பில் ரத்தம் காயாத அந்த நாட்களில் டெலிபோனை அலட்சியம் செய்திருந்தால், அது தப்பித் தவறி உண்மையாக இருந்தால், அந்த அதிகாரியின் கதி என்ன? ஆனால் ஒவ்வொரு பொய் எச்சரிக்கைக்கும் ஒரு விலை உண்டு. அடுத்த தடவை "புலி வருது" என்று கேட்கும்போது யாரும் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

இஸ்ரேல் இந்த விலையைக் கொடுத்தது. 1973 மே மாதம் எகிப்து படையெடுக்கலாம் என்று எண்ணிப் பெரும் செலவில் படைகளை உஷார்படுத்தினார்கள், யுத்தம் வரவில்லை. அக்டோபரில் எகிப்தியப் படைகள் மறுபடி கால்வாய்க் கரையில் குவிந்தபோது, இதுவும் வெறும் பயிற்சிதான் என்று ராணுவ உளவுத் துறை அடித்துச் சொன்னது. அக்டோபர் 6-ந் தேதி விடியுமுன் நம்பகமான ஒற்றர் ஒருவர் மூலம், அன்று மாலை யுத்தம் என்று செய்தி வந்தது. மாலை வரையிலும்கூட அவகாசம் கிடைக்கவில்லை. பகல் இரண்டு மணிக்கே பீரங்கிகள் முழங்கின. தகவலுக்குக் குறைவில்லை. முன்கூட்டியே மனத்தில் வேரூன்றிய அபிப்பிராயம் தகவலின் கண்ணை மறைத்தது.

சந்தேகம் சாட்சியம் ஆகாது

தகவலை அலட்சியம் செய்வது ஒரு வகைத் தவறு என்றால், சந்தேகத்தையே தீர்ப்பாக்குவது இன்னொரு வகைத் தவறு. கேரளம் இதை மறக்க முடியாது. 1994 நவம்பரில் விண்வெளி ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி நம்பி நாராயணன், ராக்கெட் ரகசியங்களை அந்நியருக்கு விற்றதாகக் கைது செய்யப்பட்டார். நாகர்கோவிலில் பிறந்த தமிழர் அவர். கேரள போலீசும் மத்திய உளவுத் துறையும் அவரை விசாரித்தன. 1996-ல் சி.பி.ஐ. இந்த வழக்கில் ஆதாரமே இல்லை என்று அறிக்கை கொடுத்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அவருடைய கைது தேவையற்றது என்று கூறி, ரூ. 50 லட்சம் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. இருபத்து நான்கு ஆண்டுகள்! நாட்டின் ராக்கெட் எஞ்சின் வேலையில் முன்னணியில் இருந்த ஒருவரை இழந்ததும் தேசப் பாதுகாப்புக்கு நேர்ந்த நஷ்டந்தான்.

இடுக்கி மலையில் வேறொரு வழக்கு. 2007 டிசம்பரில் வாகமண் அருகே தங்கள்பாறையில், தடை செய்யப்பட்ட 'சிமி' அமைப்பினர் ரகசியப் பயிற்சி முகாம் நடத்தினார்கள். முகாம் நடந்த சமயம் அது போலீசுக்குத் தெரியாது. மறு ஆண்டு தெரிய வந்து, பின்னர் என்.ஐ.ஏ. விசாரித்தது. 2018 மே மாதம் கொச்சி நீதிமன்றம் 18 பேரைக் குற்றவாளிகள் என்றது. 17 பேரை விடுதலை செய்தது. ஏறக்குறைய பாதிப் பேர் மேல் இருந்த சந்தேகம் சாட்சியமாக நிலைக்கவில்லை. உஷாராவதற்குச் சந்தேகம் போதும். ஒரு மனிதனைச் சிறையில் வைக்க அது போதாது. காவல் போடுவதையும் சோதனை செய்வதையும் நாளைக்கே திரும்பப் பெறலாம். ஒருவர் சிறையில் கழித்த ஆண்டுகளைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்!

தகவல் சரியாக இருந்தும் அதைச் சொல்லும் வார்த்தை காலை வாரிவிடுவதுண்டு. 1951-ல் அமெரிக்க உளவுத் துறை, யுகோஸ்லாவியா தாக்கப்படுவதற்குக் "கணிசமான சாத்தியம்" உண்டு என்று அறிக்கை எழுதியது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஷெர்மன் கெண்ட், அப்படியென்றால் நூற்றுக்கு எத்தனை என்று தம் சகாக்களையே கேட்டார். ஒருவர் நூற்றுக்கு 20 என்றார்; இன்னொருவர் 80 என்றார். ஒரே காகிதத்தில் எல்லோரும் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு விஷயத்துக்கு!

"தாக்குதல் நடக்கக்கூடும்" என்று நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் அடிக்கடி செய்தி வருகிறது. எவ்வளவு கூடும், யார் சொன்னார், வேறு யார் அதை உறுதி செய்தார், தவறாக இருந்தால் எப்போது தெரியும் என்ற நாலு கேள்விக்கும் பதில் இல்லாத எச்சரிக்கை, மேலதிகாரிக்குத் தலைவலியைத் தருமேயன்றி வழியைத் தராது.

ஒற்றப்பாலத்துக்காரரும் திருச்சிக்காரரும்

இந்தியாவிலும் இந்தப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கவில்லை. 1999-ல் கார்கில் மலைகளில் பாகிஸ்தான் படையினர் ஊடுருவியிருப்பதை மே மாதத் தொடக்கத்தில் முதலில் கண்டு சொன்னவர்கள் ஆடு மேய்ப்பவர்கள். அந்தத் தவற்றை ஆராய அமைக்கப்பட்ட குழுவின் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். வெவ்வேறு இலாகாக்களின் கையில் உள்ள துண்டுத் துண்டுத் தகவல்களை ஒன்று சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை என்பது அக்குழு கண்ட பெருங்குறை. அதன் பிறகே பல இலாகாக்களும் தகவல் பகிர்ந்து கொள்ளும் மையம் ஏற்பட்டது.

அப்படியும் 2008 நவம்பர் 26-ந் தேதி பம்பாய் தாக்குதல் நடந்தது. கடல் வழியாக வருவார்கள், தாஜ் ஹோட்டலும் இலக்காகலாம் என்ற எச்சரிக்கைகள் முன்பே வந்திருந்தன. நாள் மட்டும் தெரியவில்லை. அச்சமயம் பிரதமரின் தேசப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர் பாலக்காடு மாவட்டம் ஒற்றப்பாலத்தைச் சேர்ந்த எம்.கே. நாராயணன்; மத்திய உளவுத் துறைக்கே தலைவராக இருந்து பழுத்த அனுபவசாலி. அனுபவசாலி மேலே இருந்தாலும், கீழே கடற்கரையில் படகைச் சோதிக்க ஆள் இல்லையென்றால் என்ன பயன்? கமாண்டோப் படை டில்லிக்கு அருகிலிருந்து கிளம்பி வந்து சேரவே இரவு கழிந்துவிட்டது.

அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் என்.ஐ.ஏ. பிறந்தது, சென்னை உள்பட நகரங்களில் கமாண்டோ முகாம்கள் ஏற்பட்டன. அப்போது உள்துறை அமைச்சராக இருந்தவர் ப. சிதம்பரம். பம்பாய்க்குப் பின் ஏற்பட்ட அந்த அமைப்புதான் கோவை வழக்கை விசாரித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனாலும் வலையில் ஓட்டை இல்லாமல் இல்லை. 2022 அக்டோபர் 23-ந் தேதி, தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை, கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயில் எதிரே ஒரு கார் வெடித்தது. காரில் இருந்தவர் மட்டுமே மாண்டார். அவர் 2019-லேயே என்.ஐ.ஏ.யால் விசாரிக்கப்பட்டு, ஆதாரம் இல்லாததால் விடப்பட்டவர். சட்டப்படி அன்று செய்தது சரிதான். ஆதாரம் இல்லாமல் யாரையும் பிடித்து வைக்கக் கூடாது. மூன்று ஆண்டு கழித்து என்ன செய்வார் என்பதை அன்று யாரால் சொல்ல முடியும்? நிச்சயமின்மை என்பது இதுதான். அதை ஒழிக்க முடியாது. அதோடு குடித்தனம் நடத்தப் பழக வேண்டும்.

கூலிக்காரனும் குமாஸ்தாவும்

எல்லையைத் தாண்டி வயிறு பிழைக்கிறவர்களுக்கு இந்த விஷயம் வெறும் பேப்பர் செய்தி அல்ல. தகவல் தப்பினால் முதலில் சாகிறவர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் கோயில் வாசலிலும் இருக்கும் சாதாரண ஜனங்கள். சந்தேகம் மிஞ்சினால் முதலில் பிடிபடுகிறவர்களும் அவர்களே. வெளியூர்க்காரன், பேச்சு வேறு, ஜாமீன் கொடுக்க ஆள் இல்லை.

வதந்தி பரவினாலும் அடி அவர்களுக்குத்தான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றியபோது இடுக்கி எல்லையில் பதற்றம் மூண்டு, தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் பலர் கூலியை விட்டுவிட்டுத் தேனிப் பக்கம் திரும்ப நேர்ந்ததை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

அதே சமயம், மிகச் சிறந்த தகவலும் இவர்களிடமிருந்தே கிடைக்கிறது. கார்கிலில் ஆடு மேய்த்தவர், காத்தான்குடியில் ஊர்ப் பெரியவர், சாய்ந்தமருதில் பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோர் கண்டதைப் பெரிய பெரிய இலாகாக்கள் காணவில்லை. எஸ்டேட் லயத்திலோ லாட்ஜிலோ வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் காண்கிற தொழிலாளி, போலீஸ் ஸ்டேஷனில் தைரியமாகப் போய்ச் சொல்லும் நிலைமை இருக்க வேண்டும். வாளையாற்றிலும் குமுளியிலும் அவரை நடத்துகிற விதம் மரியாதையாக இருந்தால்தான் அந்தத் தைரியம் வரும். சொன்னவரையே சந்தேகப்பட்டு இரவெல்லாம் உட்கார வைத்தால், அடுத்தவர் வாயே திறக்க மாட்டார்.

ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கும் கொழும்பு ஒரு பாடம். அங்கே ஒரு கடிதம் பத்து கை மாறியது. யாராவது ஒருவர், "இது என் பொறுப்பு, ஞாயிற்றுக்கிழமை வரை ஒவ்வோர் ஆலய வாசலிலும் இரண்டு கான்ஸ்டபிள் நிற்கட்டும், பாதிரியார்களுக்கு இன்றே சொல்லுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். தகவல் பொய்யாகப் போயிருந்தாலும் சில நூறு போலீசாரின் ஒரு ஞாயிறு விடுமுறைதான் நஷ்டம். அந்த ஒரு வரி எழுதப்படாததற்கு 250க்கும் மேற்பட்ட உயிர்கள் விலையாயின.